ட்ரிப்பரை எடுத்துவிட்டால் தொந்தரவு தீருமா?

டெல்டா மாவட்ட நகரம் ஒன்றிலிருந்து, பெயரை வெளியிட வேண்டாம் என்ற குறிப்போடு ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 1994இல் கட்டப்பட்ட வீடு ஒன்றை அவர் சென்ற ஆண்டு வாங்கிக் குடிபுகுந்திருக்கிறார். கீழ்த்தளத்தில் பழைய வயரிங், பிறகு எழுப்பிய மாடியில் புது வயரிங், மும்முனை இணைப்பு, ஒரு இன்வெர்ட்டர். ஐப்பசியில் மழை பிடித்ததிலிருந்து மெயின் போர்டில் இருக்கும் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு கண்டால் துண்டிக்கும் ‘ட்ரிப்பர்’, ஓயாமல் ட்ரிப் ஆகியிருக்கிறது. காணொளிகளைப் பார்த்து, ஒவ்வொரு லைனுக்கும் உள்ள தானியங்கிச் சுவிட்சுகளான எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக அணைத்துச் சோதித்திருக்கிறார். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ட்ரிப்பர் விழுந்துகொண்டே இருந்ததால், பழுது ட்ரிப்பரில்தான் என்று முடிவுகட்டியிருக்கிறார். அழைத்து வந்த எலக்ட்ரீஷியனும் அதையே சொல்லி, அதன் உள்வரும் வயர்களையும் வெளிச்செல்லும் வயர்களையும் நேராக இணைத்துவிட்டுப் போயிருக்கிறார். “இப்போது மூன்று வாரமாக நிம்மதி” என்கிறது கடிதம்.

அவர் கேட்பவை நான்கு. புது ஆர்.சி.சி.பி. வாங்கத்தான் வேண்டுமா, எம்.சி.பி. இருந்தால் போதாதா? பக்கத்து வீட்டுக்காரர் யோசனைப்படி எர்த்தை நியூட்ரலோடு சேர்த்துவிடலாமா? ஏ.சி. லைன் அடிக்கடி விழுந்ததால் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்குப் பதில் 32 போட்டிருக்கிறார்கள், அது சரியா? இந்தக் குறைகளை மறைத்து விற்றவரிடம் செலவைக் கேட்க முடியுமா? கடிதத்தின் அடியில் பின்குறிப்பாக இரண்டு வரிகள். கீழே தண்ணீர் மோட்டார் ஓடும்போது மாடி விளக்குகள் பளிச்சென்று கூடுதலாக எரிகின்றன, கூடத்து மின்விசிறி மந்தமாகிறது. அதற்கு ஒரு ஸ்டெபிலைசர் வாங்க எண்ணியிருக்கிறார். குளியலறைக் குழாயைத் தொட்டால் சில நாள் ‘சுர்’ என்கிறது, செருப்பு போட்டிருந்தால் தெரிவதில்லை.

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் பின்குறிப்பில் தள்ளிவிட்ட அந்த இரண்டு வரிகளிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். நீங்கள் முதன்மையாகக் கேட்ட நான்கும் சில நாள் காத்திருக்கலாம். பின்குறிப்பில் இருப்பவை ஓர் இரவுகூடக் காத்திருக்கக் கூடாதவை. பதில் அச்சேறும் வரை பொறுக்க முடியாது என்பதால் முதல் பகுதியை உங்களுக்குத் தனியாக முன்பே அனுப்பிவிட்டேன். இதே அறிகுறிகள் வேறு வீடுகளிலும் இருக்கக்கூடும் என்பதற்காக அதையும் இங்கே சேர்க்கிறேன்.

முதல் நாளே செய்ய வேண்டியவை

ஒரு லோடு ஓடத் தொடங்கும்போது வீட்டு விளக்குகள் எல்லாமே சற்று மங்கினால், வோல்டேஜ் குறைகிறது என்று பொருள், அது அவசரம் அல்ல. ஆனால் ஒரு பக்கம் மங்கி மறுபக்கம் பிரகாசமானால், மும்முனை இணைப்புள்ள வீட்டில் அது பெரும்பாலும் நியூட்ரல், அதாவது மின்னோட்டம் திரும்பிப் போகும் வயர், தளர்ந்துவிட்டதன் அடையாளம். ஒவ்வொரு ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 வோல்ட் இருக்கிறது. இரண்டு ஃபேஸ்களுக்கு இடையில் இருப்பதோ ஏறக்குறைய 400 வோல்ட். நியூட்ரல் அறுந்தால், ஒரு ஃபேசில் இருக்கும் பொருளும் இன்னொரு ஃபேசில் இருக்கும் பொருளும் அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்கின்றன. பங்கு சமமாக அமைவதில்லை. 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு ஃபேசிலும் 100 வாட் குண்டு பல்பு மற்றொன்றிலும் மட்டும் இருந்தால், கணக்குப்படி பல்புக்கு 360 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். உங்கள் வீட்டில் நியூட்ரல் முழுதாக அறவில்லை, தளர்ந்து பிடித்துக்கொண்டிருக்கிறது என்று ஊகிக்கிறேன். அந்த இணைப்பு சூடேறிக் கருகி விட்டுப்போகும் நாளில் தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, இன்வெர்ட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் போகும். எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் இதைக் கண்டுகொள்ளாது, ஏனென்றால் அவை வோல்டேஜைப் பார்க்கும் கருவிகள் அல்ல. நீங்கள் வாங்க நினைக்கும் ஸ்டெபிலைசர் முதலில் கருகும் பொருளாக இருக்கும். அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

ஆகவே மெயின் சுவிட்சை அணையுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலும் இதே ஏற்ற இறக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கோளாறு கம்பத்திலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ இருக்கிறது. உங்கள் வீட்டில் மட்டும் என்றால், கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர், மீட்டரின் முனைகள், உங்கள் மெயின் போர்டு ஆகிய மூன்றில் ஓர் இடம். எதுவாக இருந்தாலும் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் “நியூட்ரல் தளர்ந்திருக்கிறது, வோல்டேஜ் ஏறி இறங்குகிறது” என்று அதே சொற்களில் புகார் பதியுங்கள். “கரண்ட் சரியில்லை” என்று சொன்னால் மறுநாளைக்குத் தள்ளப்படலாம். லைன்மேன் வந்து மூன்று ஃபேஸ்களிலும் அளந்து பார்க்கட்டும். ஒன்றில் 280, இன்னொன்றில் 170 என்று வந்தால் ஐயத்துக்கு இடமில்லை.

குழாயில் அடிக்கும் ‘சுர்’ இதைவிடப் பெரிய ஆபத்து. இது பொருளைக் கெடுப்பதோடு நிற்காது, உயிரைத் தொடும். செருப்பு போட்டால் தெரியவில்லை என்பதைக் குறை சிறியது என்பதற்குச் சான்றாக எழுதியிருக்கிறீர்கள். நனைந்த உடம்போடு வெறுங்காலில் ஈரத்தரையில் நிற்கும்போது உடலின் தடை வெகுவாகக் குறைந்துவிடும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கையை விடுவிக்க முடியாமல் போகலாம். 30ஐத் தாண்டிச் சில விநாடிகள் நீடித்தால் இதயத் துடிப்பே குலையக்கூடும். கீசரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பழுது பார்த்து முடியும்வரை வாளித் தண்ணீர்தான். வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள் என்பதால் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

மெயினை அணைத்த பிறகும் இன்வெர்ட்டர் லைன்களில் 230 வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். அணைத்தாயிற்றே என்று எந்தப் போர்டையும் திறக்க வேண்டாம். டெஸ்டரின் சிறு விளக்கை நம்பியும் இறங்காதீர்கள். அறுந்த நியூட்ரலிலும் அது எரியும், பக்கத்து வயரின் தூண்டலாலும் எரியும்.

ஆர்.சி.சி.பி. ஏன் விழுந்தது

அந்தக் கருவி செய்யும் வேலை ஒன்றுதான். ஃபேஸ்கள் வழியே போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் வழியே திரும்பி வருகிறதா என்று கணக்குப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியருக்குக் குறையாமல் கணக்கு இடித்தால், அதாவது அந்த அளவு வேறு வழியில் மண்ணுக்குப் போனால், துண்டித்துவிடுகிறது. ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் அது காவல் இல்லை, அதற்குத்தான் எம்.சி.பி. மழைக்காலத்தில் மட்டும் ஒழுங்காக விழும் ஒரு ட்ரிப்பரைப் பழுதானது என்று நான் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக அணைத்துத் தேடிய உங்கள் முறை சரியானதே. எந்த எலக்ட்ரீஷியனும் அப்படித்தான் தொடங்குவார். அதிலிருந்து எடுத்த முடிவில்தான் பிழை. பெரும்பாலான வீடுகளில் உள்ள எம்.சி.பி. ஃபேசை மட்டும் துண்டிக்கிறது, நியூட்ரல் தொட்டபடியே இருக்கும். வீட்டில் எங்கோ ஓரிடத்தில் நியூட்ரலும் எர்த்தும் ஒட்டிக்கொண்டிருந்தால், எல்லா எம்.சி.பி.க்களையும் அணைத்தாலும் அந்தத் தொடர்பு நீங்காது. தெருவில் உள்ள மற்ற வீடுகளின் லோடால் நியூட்ரலில் எப்போதும் ஒன்றிரண்டு வோல்ட் இருக்கும். உங்கள் வீட்டில் எதுவும் ஓடாவிட்டாலும் அது உங்கள் எர்த் குழி வழியாக மண்ணுக்கு இறங்கும்.

இப்போது மழையைச் சேர்த்துப் பாருங்கள். நியூட்ரலில் 3 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் காய்ந்து கிடக்கும் எர்த் குழியின் தடை 300 ஓம் என்றால் அதில் ஓடுவது 10 மில்லி ஆம்பியர், ட்ரிப்பர் பேசாமல் இருக்கும். மழையில் ஊறிய மண்ணில் தடை 30 ஓமாக இறங்கினால் அதே 3 வோல்ட்டில் 100 மில்லி ஆம்பியர், உடனே விழும். வீட்டுக்குள் எந்த மாற்றமும் நிகழவில்லை, மண் நனைந்தது அவ்வளவுதான்.

அதோடு உங்கள் வீட்டு நியூட்ரல் தளர்ந்தும் இருக்கிறது. மோட்டார் ஓடும்போது நியூட்ரலின் வோல்டேஜ் ஒன்றிரண்டிலிருந்து பல பத்துகளாக ஏறும். எங்கோ எர்த்தோடு அது ஒட்டியிருந்தால், எர்த் வயர் போய்ச் சேரும் எல்லா உலோகத்துக்கும், கீசரின் உடலுக்கும் அதில் மாட்டியிருக்கும் குழாய்க்கும், அந்த வோல்டேஜ் போய்ச் சேரும். கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மழையில் விழும் ட்ரிப்பர், மோட்டார் ஓடும்போது பளிச்சிடும் மாடி விளக்கு, சில நாள் மட்டும் ‘சுர்’ என்னும் குழாய் என்று நீங்கள் மூன்று தனித்தனிக் குறைகளாக எழுதியவை, நியூட்ரல் என்ற ஒரே இடத்தில் போய் முடிகின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது. குழாயில் ‘சுர்’ என்றது மோட்டார் ஓடிய நேரங்களில்தானா என்று வீட்டில் உள்ளவர்களிடம் நினைவுபடுத்திக் கேளுங்கள். அதைச் சோதிப்பதற்காக யாரும் மறுபடி குழாயைத் தொட வேண்டாம்.

எளிய காரணங்களும் இருக்கின்றன, அவற்றை முதலில் கழித்துவிட வேண்டும். வெளிச்சுவரின் விளக்கில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். வாயிற்கதவின் அழைப்பு மணிச் சுவிட்ச், மொட்டைமாடி சாக்கெட், நீர்மூழ்கி மோட்டாரின் கேபிள் இணைப்பு, ஓட்டை விழுந்த கீசர் காயில் எல்லாம் வழக்கமான இடங்கள். இன்வெர்ட்டர் பொருத்தியவர் ஃபேசை ட்ரிப்பருக்கு முன்னாலிருந்து எடுத்து, நியூட்ரலைப் பின்னால் சேர்த்திருந்தாலும் கணக்கு இடிக்கும். ஆனால் அப்படியானால் மழை வெயில் பார்க்காமல், இன்வெர்ட்டர் லைனில் லோடு ஓடும்போதெல்லாம் விழுந்திருக்கும். ஆர்.சி.சி.பி.யை மறுபடி மாட்டி, நியூட்ரல் இணைப்பும் சரியான பின், நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு: எம்.சி.பி.க்களை அணைப்பதோடு வீட்டிலுள்ள எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிடுங்கள். ட்ரிப்பர் விழாமல் நின்றால், எம்.சி.பி.க்களைப் போட்டுவிட்டுப் பிளக்குகளை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டியதும் விழுகிறதோ அந்தப் பொருளில் கோளாறு. எதுவும் மாட்டாமலே விழுந்தால் வயரிங்கில் கோளாறு, அங்கே உங்கள் வேலை முடிகிறது.

அதற்கு மேல் தேட, மெக்கர் என்ற அளவுகருவி வேண்டும். 500 வோல்ட் கொடுத்து, ஃபேசுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலான காப்புத் தடையை அளக்கிறார்கள். 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. நியூட்ரல்–எர்த் அளவு பூஜ்யத்தை ஒட்டி வந்தால் நான் சொன்ன ஒட்டு இருக்கிறது என்று பொருள், நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் பட்டையிலிருந்து வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எந்த லைனில் என்று பிரிக்கலாம். இந்தச் சோதனைக்கு முன் தொலைக்காட்சி, இன்வெர்ட்டர் போன்ற எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். கழற்றாமல் மெக்கரைச் சுற்றுபவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

எம்.சி.பி. மட்டும் போதாதா, எர்த்தை நியூட்ரலோடு சேர்க்கலாமா?

இரண்டுக்கும் என் பதில் இல்லை என்பதே. முதலாவதைக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். கீசரின் உடலில் ஃபேஸ் முழுதாகத் தொட்டுவிட்டது, உங்கள் எர்த் குழியின் தடை 20 ஓம் என்று கொள்ளுங்கள். 230ஐ 20ஆல் வகுத்தால் ஓடும் மின்னோட்டம் 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது சாதாரண லோடு, நாளெல்லாம் விழாமல் நிற்கும், கீசரின் உடலும் நாளெல்லாம் ஷாக் அடிக்கும் நிலையில் நிற்கும். 20 ஓம் என்பது நம்மூர்க் குழிகளுக்குத் தாராளமான மதிப்பீடு. ஆர்.சி.சி.பி.யோ எர்த் சுமாராக இருந்தாலும் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும். வீடுகளுக்கு அந்த 30 மில்லி ஆம்பியர் வரம்பை மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளே சொல்கின்றன. ஆகவே உங்கள் எலக்ட்ரீஷியன் செய்தது வீட்டில் மனிதர்களுக்கு இருந்த ஒரே காவலை எடுத்துவிட்டதுதான். பழையதை டெஸ்ட் பொத்தானை அழுத்தியும், கசிவுமானி கொண்டும் சோதித்துப் பார்த்து, நன்றாக இருந்தால் அதையே மாட்டலாம்.

பக்கத்து வீட்டுக்காரரின் யோசனை தமிழ்நாடெங்கும் தெருவுக்கு ஒருவர் சொல்வது, அதனால்தான் யாரோ முன்பே உங்கள் வீட்டில் அதைச் செய்திருக்கக்கூடும் என்று ஐயப்படுகிறேன். எர்த் குழி கெட்டுப்போன வீடுகளில், எர்த் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்ப் எரியட்டும் என்பதற்காக சாக்கெட்டுக்குள்ளேயே ஒரு துண்டு வயரால் இரண்டையும் இணைத்துவிடுவார்கள். நியூட்ரல் ஒழுங்காக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அது அறும் நாளில் வீட்டிலுள்ள ஒவ்வோர் உலோக உடலும் ஃபேசாகிவிடும்.

பழைய கீழ்த்தளத்தில் இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்து மெயின் போர்டுகளில் ஃபேசுக்குப் போட்டதுபோலவே நியூட்ரலுக்கும் பீங்கான் ஃபியூஸ் கட்டை வைக்கும் வழக்கம் இருந்தது. நியூட்ரலில் ஃபியூஸ் இருக்கவே கூடாது, கெட்டியான இணைப்புத்தான் இருக்க வேண்டும். உங்கள் தளர்ந்த நியூட்ரல் அந்தக் கட்டைக்குள்ளேயே இருந்தால் எனக்கு வியப்பில்லை.

யாரை அழைப்பது, யார் பொறுப்பு

மீட்டர் வரை மின் பகிர்மானக் கழகத்தின் பொறுப்பு, மீட்டரைத் தாண்டினால் உங்களுடையது. உங்கள் எலக்ட்ரீஷியன் மீட்டர் முனையை இறுக்கித் தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முத்திரையை உடைப்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி மின்திருட்டு வழக்காகத் திரும்பக்கூடும், நல்லெண்ணத்தில் செய்தோம் என்று பிறகு விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். புகார் கொடுத்தும் அவர்கள் தரப்புக் கோளாறு சரிசெய்யப்படாவிட்டால், மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு எழுதலாம். அதற்கும் மேலே மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கத்து வேலையில், பல்பு, ஃபியூஸ், சுவிட்ச், மின்விசிறி போன்றவற்றை அதே அளவில் மாற்றுவதை விதிகள் உங்களுக்கு அனுமதிக்கின்றன. வயரிங்கில் சேர்ப்பு, மாற்றம், பழுது எதுவானாலும் அரசு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரும், தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையும் வேண்டும். வருபவரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். எர்த் குழியின் தடை எத்தனை ஓம், ஒவ்வொரு லைனின் காப்புத் தடை எவ்வளவு, நியூட்ரல்–எர்த் ஒட்டு எங்கே இருந்தது என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அளவுகளைச் சொல்லாமல் “எல்லாம் சரி பண்ணியாச்சு” என்பவருக்குப் பணம் கொடுக்க அவசரப்படாதீர்கள்.

விற்றவர் விஷயத்தில் நான் வழக்கறிஞன் அல்லன் என்பதால் ஓர் எல்லையோடு நின்றுகொள்கிறேன். விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாத முக்கியக் குறையை வெளிப்படுத்த வேண்டும் என்று 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. இதில் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை நீங்கள் நிறுவ வேண்டும். சாக்கெட்டுக்குள் இருக்கும் ஒரு துண்டு வயரை அவரே அறிந்திருந்தார் என்று நிறுவுவது கடினம், பழைய வீட்டின் வயரிங்கை ஏன் சோதிக்கவில்லை என்று உங்களையும் கேட்பார்கள். எழுதி வாங்கும் அறிக்கையில் பெரிய தொகை வந்தால் மட்டும் அதோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

32 ஆம்பியர் எம்.சி.பி. மிச்சமிருக்கிறது. ஏ.சி. ஏறக்குறைய 8 ஆம்பியர், 2000 வாட் கீசர் 9, இஸ்திரிப் பெட்டி 4 என மூன்றும் ஒரே லைனில் சேர்ந்தால் 21 ஆம்பியர், 16 விழுந்தது நியாயமே. எம்.சி.பி. காப்பது சுவருக்குள் இருக்கும் வயரை. 16 ஆம்பியர் சாக்கெட்டுகளுக்கு இழுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 32 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்காது, எம்.சி.பி. விழுவதற்கு முன் அதன் காப்பு உருகும். 16ஐ இந்த வாரமே திரும்ப மாட்டச் சொல்லுங்கள். மற்ற வேலைகள் நடக்கும்போதே கீசருக்கு மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் லைன் ஒன்றை இழுத்து, அதற்கென்று ஓர் எம்.சி.பி. வைத்துவிடலாம். அதுவரை ஏ.சி. ஓடும்போது அந்த லைனில் இஸ்திரி போட வேண்டாம்.